மறு: 'ஏர் கேப்': காற்றிடைவெளி சரிவருமா?

> ஏர் கேப் = காற்றிடைவெளி. நேரடியாகப் புரிகிறது, இதையே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா. ஒரு கணினியை எல்லா வலையமைப்பிலிருந்தும் பிரித்து வைப்பதைத்தான் இங்கே ஏர் கேப் என்கிறோம். அதற்கு இந்தச் சொல் நேரடியாக இருப்பதில்தான் சிக்கல். குழாய் வேலையிலும் இதே ஆங்கிலச் சொல் உண்டு. குழாய் வாய்க்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே, குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு இடம் விடுவார்கள். இல்லாவிட்டால் அழுத்தம் குறையும்போது அழுக்குநீர் குடிநீர்க் குழாய்க்குள் ஏறிவிடும். தண்ணீருக்கு அந்த இடைவெளி தடுப்பு. வைஃபைக்கும் புளூடூத்துக்கும் அதுவே பாதை. 'காற்றிடைவெளி விட்டாச்சு' என்றால் லேன் வயரைப் பிடுங்கியதோடு வேலை முடிந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

என் முன்மொழிவு: தொடர்பறு கணினி. செயலுக்குத் 'தொடர்பறுத்தல்'.

> 'பிணையறு' இன்னும் சுருக்கம்.

ஜாமீன் கிடைக்காத கணினி போல் இருக்கிறது. 'துண்டிப்பு' என்றால் அரசு இணையத்தை நிறுத்துவதுதான் நினைவுக்கு வரும். 'தீண்டாக் கணினி': பேச்சுக்கே இடமில்லை.

> 'இணைப்பிலா' போதாதா?

அது ஆஃப்லைன். இப்போது இணைப்பில் இல்லை, சாயங்காலம் வரலாம். மறையாக்கத்தின் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவதன்) மூலச் சாவியை வைக்கும் கணினி ஒருபோதும் வரக்கூடாது.

சொல் தாங்குகிறதா என்று செய்முறையில் போட்டுப் பார்த்தேன்:

"பழைய மடிக்கணினியைத் தொடர்பறுக்க, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றவும். பிறகு வைஃபை அட்டையின் திருகைக் கழற்றி, அட்டையை எடுக்கவும். பெரும்பாலும் புளூடூத்தும் அதே அட்டையில்தான். ஆன்டெனா வயர் இரண்டின் நுனியிலும் டேப் சுற்றவும், சும்மா விட்டால் போர்டில் பட்டு ஷார்ட் ஆகும். வைஃபை சில்லைப் போர்டிலேயே பற்றவைத்த மாடல்கள் இதற்கு ஆகா. இயங்குதளத்தை அதன்பிறகே புதிதாக நிறுவவும்."

உறுத்தவில்லை.

-----

> மூலச் சாவியை வைக்கும் கணினி ஒருபோதும் வரக்கூடாது.

சொல்லுக்கு என் ஒப்புதல். வரையறையில் மட்டும் ஓர் ஓட்டை: பென்டிரைவ். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் பரவ இணையமே தேவைப்படவில்லை. பென்டிரைவைச் செருகி, விண்டோஸில் அதைத் திறந்து, உள்ளிருக்கும் கோப்பின் படவுரு திரையில் தெரிந்தாலே தொற்றியது. கோப்பைச் சொடுக்கக்கூட வேண்டாம். அதனால் கோப்பை உள்ளே கொண்டுபோக ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சிடி நல்லது. எழுதி மூடிவிட்டால் தொடர்பறு கணினியிலிருந்து எதுவும் அதில் திரும்பி ஏறாது. உள்ளே வருவதைச் சிடி தடுக்காது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இன்னொன்று, கடிகாரம். இணையத்திலிருந்து நேரம் திருத்திக்கொள்ள வழியில்லை. போர்டிலுள்ள 3 வோல்ட் பொத்தான் பேட்டரி செத்தால் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். பிறகு ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருள் உங்கள் சாவியே எதிர்காலத்தில் உருவானது என்று முரண்டு பிடிக்கும். உள்நுழையக் கேட்கும், 30 நொடிக்கொருமுறை மாறும் ஒருமுறைக் குறியீடுகளும் பொருந்தா. பயன்படுத்தும் முன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருத்துவதே வழி.

வரையறையை இப்படி மாற்றலாமா: "கம்பி, அலைவரிசை இரண்டிலும் எந்த வலையமைப்போடும் சேராத, கோப்புகள் கைவழியாக மட்டுமே போய்வரும் கணினி." கூடவே, 'தொடர்பறு' தனிச்சொல்லாக நிற்கட்டும். 'தொடர்பறுகணினி' என்று ஒட்டினால் 'கணினி' என்று முழுச்சொல்லாகத் தேடுபவருக்கு அகப்படாது.