கண்டிப்பான தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாண்டு: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். கண்டிப்புக்குப் பெயர்போன ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாண்டு இயந்திரவியல் படிக்கிறேன். ஒரு நிமிடம் தாமதித்தாலும் பட்டறைக்குள் அனுமதி இல்லை. தோல் காலணியும் பட்டறைச் சீருடையும் இல்லாமல் எந்திரத்தின் அருகே செல்ல முடியாது. சுழலும் லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) தளர்ந்த சட்டைக்கை சிக்கினால் கையே போய்விடக்கூடும் என்பதால், இந்தக் கண்டிப்பு நியாயமானது என்றே மனமார நம்புகிறேன்.

என்னைத் திணறடிப்பது அரம் பிடிக்கும் வேலைதான். இரும்புத் தகட்டை அராவிச் சதுரமாக்கி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், நடுப்பகுதி மேடாகி, இரு ஓரங்களிலும் ஒளி கசிகிறது. 0.02 மி.மீ. வரை அளக்கும் வெர்னியர் காலிப்பரிலும் அந்த வேறுபாடு தெரிந்துவிடுவதால், ஆசிரியர் மூன்று முறை திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அரம் முன்னே செல்லச் செல்ல இரு கைகளின் அழுத்தத்தையும் எவ்வாறு மாற்றுவது, தகட்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடை எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எங்கே குறுக்காக அராவ வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். செய்முறைப் பதிவேட்டையும் வரைபடத் தாள்களையும் தூக்கம் கெடாமல் முடிக்க நீங்கள் நேரத்தை எப்படிப் பிரித்தீர்கள் என்பதையும் அன்புகூர்ந்து எழுதுங்கள். அடுத்த மதிப்பீட்டுக்கு இன்னும் 10 நாட்களே உள்ளன.