ஜெபத்தில் வறட்சி: தாகம் போய்விட்டதா, இதுதான் தாகமா?

உப்புவெளி இளையவன்:
எல்லாருக்கும் தோத்திரம். திருகோணமலையில் எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் இப்ப அடிக்கடி வருகிற கதை இது. "முந்தி ஜெபத்தில் இருந்தால் கண்ணீர் வரும், இப்ப பத்து நிமிஷம் போகவே பெரும்பாடு" என்கிறார்கள். வேதம் வாசித்தால் பேப்பர் வாசிப்பதுபோல் இருக்கிறதாம். 21 நாள் உபவாசம் எடுக்கச் சொல்கிறார் ஒருவர். மறைவான பாவம் ஏதோ இருக்கிறது, அறிக்கை செய் என்கிறார் இன்னொருவர். சபையையே மாற்ற யோசிக்கிறவரும் உண்டு.

என் கேள்வி இரண்டு. கடவுள்மேல் உள்ள வாஞ்சை குறைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? அப்படியான நாட்களில் ஒவ்வொரு நாளும் செய்யவேண்டியது என்ன? "இன்னும் ஊக்கமாக ஜெபியுங்கள்" என்று மட்டும் எழுதவேண்டாம். அது எங்களுக்கே தெரியும்.

டச்பே அலை:
முதல் கேள்விக்கு 42ஆம் சங்கீதத்தை எடுங்கள்: "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்று தொடங்குவது. ஆனால் கலண்டரில் வருகிற படத்தை மறந்துவிடுங்கள். படத்தில் மான் ஓடைக்கரையில் அமைதியாக நிற்கும். பாட்டில் அது கதறுகிறது. அந்த எபிரேயச் சொல் இந்த வசனத்தைவிட்டால் யோவேல் 1:20இல்தான் வருகிறது. அங்கே ஆறுகள் வற்றிப்போனதால் காட்டு மிருகங்கள் கதறுகின்றன. அதாவது, வாஞ்சை என்ற சொல்லே தண்ணீர் இல்லாத இடத்துச் சொல்.

இன்னும் ஒன்று. முதலாம் வசனத்தில் தண்ணீருக்குக் கதறுகிறவன் ஏழாம் வசனத்தில் தண்ணீருக்குள் அமிழ்கிறான்: மதகுகளின் இரைச்சல், அலை, திரை. (1986இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை அறிந்தவர்களுக்கு 'ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது' என்பதற்கு விளக்கவுரை தேவைப்படாது.) ஒரே பாட்டுக்குள் மனநிலை இவ்வளவு ஏறி இறங்குகிறது. மாறாமல் நிற்பது ஒரு வரிதான்: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" 42:5, 42:11, பிறகு 43:5. அதனால்தான் 42ஐயும் 43ஐயும் ஒரே பாட்டாகச் சேர்த்து வாசிக்கவேண்டும் என்பது. மூன்றாம் முறை வரும்போதும் அவன் இன்னும் தான் ஏங்குகிற ஆலயத்துக்குத் தூரமாகத்தான் இருக்கிறான்.

ஆகவே கண்ணீர் வருகிறதா என்று பார்க்காதீர்கள். ஜெபம் நின்றுபோனது ஆளுக்கு உறுத்துகிறதா என்று பாருங்கள். உறுத்தினால் தாகம் இருக்கிறது.

பாலையூற்று ரீச்சர்:
மேலே அலை சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் 'உறுத்தல்' மட்டும் போதாது. கத்தோலிக்க மரபில் சிலுவை அருளப்பர் (16ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி) இந்த வறட்சிக்கு மூன்று அடையாளம் தந்திருக்கிறார், மூன்றும் சேர்ந்து இருக்கவேண்டும். ஒன்று, கடவுள் காரியத்திலும் ருசியில்லை, உலக காரியத்திலும் ருசியில்லை. இரண்டு, நான் கடவுளைவிட்டுப் பின்வாங்கிப் போகிறேனோ என்ற கவலை மனதைவிட்டுப் போகாது. மூன்று, முன்போல யோசித்து, கற்பனைசெய்து தியானிக்க எவ்வளவு முயன்றாலும் முடியாது. செபத்தில் ருசியில்லை, ஆனால் கிரிக்கெட்டிலும் போனிலும் நல்ல ருசி என்றால் அது இந்த வறட்சி இல்லை, வெறும் அசட்டை. அதற்கு மருந்து வேறு: போனை வேறு அறையில் வையுங்கள்.

காரணம் பாவம்தான் என்று அடித்துச் சொல்கிறவரிடம் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரைக் காட்டுங்கள். அவர் மூன்று காரணம் சொல்கிறார். நம் கவலையீனம் அதில் ஒன்று மட்டுமே. ஆறுதல் இல்லாமலும் நாம் எவ்வளவு தூரம் நிற்கிறோம் என்று சோதிப்பது அடுத்தது. ஆறுதல் நம் சம்பாத்தியம் இல்லை, கொடை என்று உணர்த்துவது மூன்றாவது. சபை மாறும் யோசனைக்கும் அவரிடமே நேர் விதி இருக்கிறது: மனம் வறண்டிருக்கும் காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. தெளிந்த பிறகும் மாறவேண்டும் என்று தோன்றினால் அப்போது பார்க்கலாம்.

இனி, நாளாந்தம் செய்வது. இருபது நிமிஷம் போதும்; ஒரு மணித்தியாலம் என்று தொடங்கி மூன்றாம் நாள் விடுவதைவிட இது மேல். நேரமும் கதிரையும் மாறக்கூடாது. எட்டுப் பத்து வசனத்துக்கு மேல் எடுக்காதீர்கள். முதலில் வாய்விட்டு, மெதுவாக இரண்டு தரம் வாசியுங்கள். மனதில் தட்டிய ஒரு சொல்லில் நின்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு அந்தச் சொல்லைக்கொண்டே கடவுளோடு பேசுங்கள். கோபம் இருந்தால் கோபத்தையும் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். வாசிப்பு, தியானம், செபம், மௌனம் என்ற இந்த நாலு படி 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ எழுதிவைத்தது.

பிழைக்கிற இடம் பெரும்பாலும் இரண்டாம் படி. தட்டிய சொல்லை வைத்து அடுத்த கூட்டத்துக்குப் பிரசங்கம் தயாரிக்கத் தொடங்கிவிடுவோம், அல்லது ஸ்டேட்டஸில் போட்டுவிடுவோம். அத்தோடு செபம் முடிந்தது. எழுந்துபோகவேண்டும் என்று தோன்றுகிற நாளில் ஒரு நிமிஷம் அதிகமாகவே இருங்கள், குறைக்காதீர்கள். இதுவும் இஞ்ஞாசியார் சொன்னதுதான்.

ஸ்பானியப் புனிதை அவிலா தெரேசம்மாள் செபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதோடு ஒப்பிடுவார். கிணற்றில் அள்ளுவது, சக்கரத்தால் இறைப்பது, ஆற்றுநீர், மழை என்று நாலு வகை. முதல் வகையில் சில நாள் கிணறே வற்றிக் கிடக்கும். அன்றைக்கும் வாளியை இறக்கத்தான் வேண்டும் என்பார். அடுத்தவருடைய மழையைப் பார்த்து ஏங்காதீர்கள். நம் கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில், சூடு மட்டும் வேறு வேறு.

ஒர்ஸ்ஹில் வாசகி:
உபவாசம் பற்றி ஒருவரும் எழுதவில்லை. உணர்ச்சியைத் திரும்ப வரவைக்க 21 நாள் என்பது பிழையான கணக்கு. ஏழாம் நாள் வருகிற தலைச்சுற்றை அபிஷேகம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிழமையில் ஒரு நாள், ஒரு நேரச் சாப்பாட்டை விட்டு, அந்த அரை மணித்தியாலத்தை ஜெபத்துக்குக் கொடுத்தால் போதும். தண்ணீரை விடக்கூடாது, அதுவும் சூடான, வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில். சீனி வருத்தத்துக்கு ஊசியோ குளிசையோ எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

மற்றது, ரீச்சர் சொன்ன முதல் அடையாளம், எதிலும் ருசியில்லை என்பது, மனச்சோர்வு நோய்க்கும் பொருந்தும். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலை செய்ய முடியவில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம்: இவை இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால் வைத்தியரிடம் அனுப்புங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் இரண்டு கிழமை பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், ஆளைத் தனியே விடவும் வேண்டாம். 1926 என்ற இலங்கைத் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அவரிடம் போய் "விசுவாசம் போதாது" என்று சொல்வது பெரிய அநியாயம்.

உப்புவெளி இளையவன்:
நன்றி ரீச்சர், அக்கா, அலை. ஒரு சந்தேகம். எங்களில் இரண்டு பேர் இரவில் கடலுக்குப் போகிறவர்கள். விடிய வந்து மீன் கொடுத்து முடிய எட்டு மணி. நேரம் மாறக்கூடாது என்றால் அவர்கள் என்ன செய்வது?

பாலையூற்று ரீச்சர்:
தம்பி, மாறக்கூடாது என்றது மணிக்கூட்டை அல்ல, வரிசையை. வலை கழுவி, குளித்து, தேத்தண்ணி குடித்து, படுக்க முன் என்று வைக்கட்டும். களைத்த உடம்புக்கு இருபது நிமிஷம் அதிகம், பத்து போதும். படுத்துக்கொண்டு வேண்டாம், மூன்றாம் வசனத்தில் நித்திரை வரும். கதிரையில் இருந்து 63ஆம் திருப்பாடலின் (சங்கீதத்தின்) முதல் எட்டு வசனத்தை வாய்விட்டு வாசிக்கட்டும். ஆறாம் வசனம் இராச்சாமத்தில் விழித்திருக்கிறவனுடையது, அவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். கடலுக்குப் போகாத நாளிலும் அதே வரிசை: குளியல், தேத்தண்ணி, கதிரை.