மோகனம் வந்துவிட்டது, கமகம் வரவில்லை: உதவி தேவை

வணக்கம். பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சொந்தமாக மெட்டுப் போடப் பழக, கூகுளின் குரோம் மியூசிக் லேப் இணையதளத்தில் உள்ள, மெட்டுப் போடும் சாங் மேக்கரைக் கொடுத்தேன். கணக்குத் தொடங்க வேண்டாம், கட்டத்தைத் தொட்டால் சுரம் ஒலிக்கும். பென்டடானிக் (ஐந்து சுர அமைப்பு) என்று வைத்தால் ச ரி க ப த மட்டும்தான் வரும். அதாவது நம் மோகன ராகம். நாலு நாலு அடியாக இரண்டு பார் (தாளப் பகுதி) வைத்தால் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு அடி கொண்ட ஒரு முழுச் சுற்று. முதல் நாளே ஆளுக்கொரு மெட்டுப் போட்டுவிட்டார்கள். (வகுப்பில் வாயே திறக்காத பையன் போட்டதுதான் இருப்பதிலேயே அழகு!)

சிக்கல் அப்புறம்தான். ஒவ்வொரு சுரமும் குத்தி வைத்தாற்போல் தனித்தனியாக நிற்கிறது. கமகம் என்றால் சுரத்தை அசைத்து இழைப்பதுதானே; இதில் ரிஷபத்தையோ (ரி) தைவதத்தையோ (த) அசைக்க வழியில்லை, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் ஜாரு கூட வராது. கம்ப்யூட்டர் இசை மென்பொருளில் பிட்ச் பெண்ட் என்ற வசதியை வைத்துச் சுரத்தை வளைக்கலாம், சரி. ஆனால் இங்கே இருப்பது 3 பழைய டேப்லெட்டும் என் போனும். பிள்ளைகள் 34 பேர்.

ஆண்ட்ராய்டில் சுரத்தை விரலால் இழுத்து வளைக்கிற இலவசச் செயலி எதையாவது வகுப்பில் பயன்படுத்தியவர்கள் உண்டா? பிள்ளைகளின் போன் எண், மெயில் கேட்காததாக இருந்தால் நல்லது. பாடவைத்தே பதிவு செய்யலாமே என்பீர்கள். அந்தப் பையன் பாட மாட்டான், அதுதான் கவலை.