புதுப்பிப்பு: மேட்பிளாட்லிப் (பைதானில் வரைபடம் வரையும் நூலகம்) அச்சில் 12,50,000 என்று வரவைப்பது

முதல் பதிவில் கேட்டது இரண்டு: செங்குத்து அச்சின் மூலையில் '1இ6' (1e6, அதாவது 10 லட்சத்தின் மடங்கு என்ற குறி) வருவதை நிறுத்துவது, லட்சக் கணக்கில் காற்புள்ளி போடுவது. இரண்டும் தீர்ந்தன.

'1இ6' பிழையல்ல. அச்சு 10 லட்சத்தைத் தொட்டதும் அடுக்குக் குறிக்கு மாறுவதுதான் இயல்பு அமைப்பு. அச்சு எண்களின் வடிவை அமைக்கும் டிக்லேபிள்_ஃபார்மேட்டில் ஸ்டைலை 'பிளெயின்' ஆக்கினால் போய்விடும்.

காற்புள்ளிதான் கடினம். பைதானின் வடிவக் குறியில் காற்புள்ளி சேர்த்தால் மும்மூன்றாகவே பிரியும். 1,250,000 என்றுதான் வரும். இந்திய லொக்கேல் (நாட்டின் எண் வழக்கைச் சொல்லும் கணினி அமைப்பு) வைத்தும் செய்யலாம், ஆனால் அது நிறுவப்படாத சர்வரில் நிரல் நின்றுவிடும். அதனால், அச்சு எண்களை நாம் எழுதிய ஃபங்ஷன் மூலம் வடிவமைக்கும் ஃபங்க்ஃபார்மேட்டரே நல்லது என்பேன். அதற்குத் தரும் ஃபங்ஷன் மதிப்பு, இடம் என இரண்டு உள்ளீடுகளை ஏற்க வேண்டும். உள்ளே, முதலில் மைனஸ் குறியைத் தனியே எடுங்கள். இல்லாவிட்டால் -10,00,000 என்பது -,10,00,000 ஆகிவிடும். பிறகு முழு எண்ணாக்கி, கடைசி மூன்று இலக்கங்களை ஒதுக்கி, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாக வெட்டிச் சேருங்கள். அச்சின் இடைவெளி 1-க்குக் கீழே இருந்தால் முழு எண்ணாக்காதீர்கள், ஒரே எண் திரும்பத் திரும்ப வரும்.

ஃபங்க்ஃபார்மேட்டர் போட்டபின் டிக்லேபிள்_ஃபார்மேட்டை அழைத்தால் பிழை வரும். அந்த வரியை நீக்கிவிடுங்கள், இனி தேவையில்லை.

செட்_ஒய்டிக்லேபிள்ஸ் மூலம் எழுத்தாகத் திணிக்கும் வழியைத் தயவுசெய்து தவிருங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது கோடுகள் நகரும், எழுத்து பழையதாகவே நிற்கும். வரைபடம் தப்பான எண்ணைக் காட்டும்.

5 லட்ச இடைவெளி வேண்டுமானால் மல்டிபிள்லொக்கேட்டரில் 500000 கொடுங்கள். 'லட்சம்' என்று தமிழிலேயே எழுதினால் தமிழ் எழுத்துரு ஒன்றையும் குறிப்பிடுங்கள். இயல்பான டெஜாவு சான்ஸில் தமிழ் இல்லை, கட்டங்கள்தான் தெரியும்.