புதுப்பிப்பு: பழைய கேம் ஆட சின்ன ஹேண்ட்ஹெல்ட் (கையில வச்சு ஆடுற கேம் மெஷின்), கடைசில எடுத்தாச்சு

மியூ மினி பிளஸ்ஸா ஆன்பெர்னிக் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸா, கம்மி விலைல எது நல்லதுன்னு கேட்டிருந்தேன்ல, ரெண்டாவதையே எடுத்துட்டேன். காரணம் ஸ்கிரீன்தான். நிண்டெண்டோவோட பழைய கேம் மெஷின் கேம்பாய் அட்வான்ஸ், அதோட படம் 240×160 பிக்சல், இதோட ஸ்கிரீன் 720×480, ரெண்டு பக்கமும் கரெக்டா 3 மடங்கு, அதனால ஒவ்வொரு பிக்சலும் 3க்கு 3 கட்டமா நிக்குது, குட்டி எழுத்துகூட ஓரம் மங்காம அவ்ளோ ஷார்ப்பா இருக்கு, பார்த்துட்டே இருக்கலாம் போல!

பிளேஸ்டேஷன் 1 கேமும் நல்லாவே ஓடுது, ஆனா அதோட படம் 4:3, இந்த ஸ்கிரீன் அதைவிட அகலம், அதனால ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும், அனலாக் ஸ்டிக்கும் (கட்டைவிரலால எல்லாப் பக்கமும் தள்ளுற குட்டி ஸ்டிக்) கிடையாது. அந்த மாதிரி 4:3 கேம்தான் உங்களுக்கு முக்கியம்னா 640×480 ஸ்கிரீன் இருக்குற மினி பிளஸ்ஸே போதும், அதுலயும் ஸ்டிக் இல்லங்கறத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

எதை வாங்கினாலும் கூட வர்ற எஸ்டி கார்டை நம்பாதீங்க, முதல் வேலையா நல்ல கார்டுக்கு மாத்திடுங்க, அது கெட்டுப்போய் பாதி ஆட்டத்துல சேவ் ஃபைல் (ஆட்டத்தை விட்ட இடத்தை வச்சிருக்குற ஃபைல்) போனா மனசு தாங்காது.