மறு: டேம்சையருக்குத் தமிழ்ச்சொல், நாளைக்குள்

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்கப் பந்தயக் குதிரை செக்ரட்டேரியட் பற்றிய மொழிபெயர்ப்பு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. 1973 மும்மகுடம் (மூன்று பெரும் ஓட்டங்களிலும் வெற்றி), அவற்றில் பெல்மான்ட் ஓட்டத்தில் 31 லெங்த் (குதிரையின் உடல்நீளம்) வித்தியாசம், 2 நிமிடம் 24 நொடி: இதுவரை சிக்கலில்லை. இனப்பெருக்கப் பகுதியில்தான் மாட்டிக்கொண்டேன். அதன் மகள்கள் ஈன்றவையே வம்சத்தில் நிலைத்தன. டெர்லிங்குவா ஈன்றது ஸ்டார்ம் கேட்; வீக்கெண்ட் சர்ப்ரைஸ் ஈன்றது ஏ.பி. இண்டி. இவற்றுக்குச் செக்ரட்டேரியட் ‘டேம்சையர்’, அதாவது தாயின் தந்தை. அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கும் சொல் வேண்டும். இப்போதைக்குப் ‘பாட்டன்’ என்று போட்டிருக்கிறேன்.

---

> ‘பாட்டன்’

போதாது. ஏ.பி. இண்டிக்குத் தந்தைவழியில் நான்காம் தலைமுறையிலும் தாய்வழியில் மூன்றாம் தலைமுறையிலும் செக்ரட்டேரியட்டின் தந்தை போல்ட் ரூலரே வருகிறது. எந்தப் பக்கம் என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். தாயின் தந்தைக்கு வடசொல் ‘மாதாமகன்’, ஐந்தே எழுத்து.

---

மாதாமகனை ‘மாதாவின் மகன்’ என்றுதான் படிப்பார்கள். உறவே தலைகீழ். இனப்பெருக்கத்துக்கு விடும் காளைக்குப் பொலிகாளை வழக்கில் இருக்கிறது, ஆகவே பொலிக்குதிரை. டேம்சையர் ‘தாய்வழிப் பொலி’. நெற்களத்தில் ‘பொலியோ பொலி’ என்று கூவுவதும் பெருக்கத்தைக் குறித்தே.

---

ஐயா, களத்துமேட்டை விட்டு இறங்குங்கள். ‘குதிரையுள் ஆணினைச் சேவல் என்றலும்’ என்று தொல்காப்பிய மரபியலே இடம் தருகிறது. பெண்குதிரைக்குப் பெட்டையும் அங்கேயே உண்டு. ‘தாய்ச்சேவல்’ என்க.

---

சேவல் ஒன்றரை மைல் ஓடியது என்று எழுதினால் ஆசிரியருக்குக் கடிதம் குவியும்! எளிமையாகத் ‘தாயின் தந்தை’ போதாதா?

---

கட்டத்துக்குள் போதும், வாக்கியத்தில் உதைக்கும். 1992இல் செக்ரட்டேரியட் வட அமெரிக்காவின் முதன்மை டேம்சையர். ‘முதன்மைத் தாயின் தந்தை’ என்றால் முதன்மை யாருக்கு?

இன்னொன்று. பந்தய வழக்கில் தாய் ஒன்றானால்தான் ‘ஹாஃப் பிரதர்’. தந்தை மட்டும் ஒன்றானால் அப்படிச் சொல்வதில்லை. பொலிக்குதிரைக்கு ஒரே பருவத்தில் பல குட்டிகள், பெட்டைக்கு ஆண்டுக்கு ஒன்று. ‘சகோதரன்’ என்பதே ச + உதரம், ஒரே வயிறு. கச்சிதம்.

---

வடசொல். ‘ஒருவயிற்றுக் குட்டி’ என்று எழுதலாமே.

---

சொல் கிடக்கட்டும், பொருளைக் கவனியுங்கள். செக்ரட்டேரியட்டின் பெரிய இதயம் எக்ஸ் குரோமோசோம் வழியே மகள்களுக்குப் போனதாக வரும் பத்தியை உறுதியாக எழுத வேண்டாம். தந்தையின் எக்ஸ் மகளுக்குத்தான் போகும், மகனுக்குப் போகாது; அதுவரை சரி. மற்றது கருதுகோள். இதயத்தின் எடை 22 பவுண்டு என்பதும் 1989இல் உடற்கூறாய்வு செய்த மருத்துவரின் கண்மதிப்பு, தராசில் நிறுத்ததல்ல.

---

நன்றி. நேரமில்லை. மூன்று பேர் ஆதரித்ததால் ‘தாய்வழிப் பொலி’. முதல் இடத்தில் மட்டும் ‘அதாவது, தாயின் தந்தை’ என்று சேர்த்து அனுப்பிவிட்டேன். லெங்த் அப்படியே இருக்கிறது.

---

மரபியலைப் புறக்கணித்ததற்கு என் மறுப்பைப் பதிகிறேன். லெங்த்துக்கு ‘மெய்ந்நீளம்’ என்க. மூக்கிலிருந்து வாலடி வரை, ஏறத்தாழ 8 அடி.