இரண்டு நிமிடம் முன்னால்

கொள்ளிடக்கரை குடும்பம் (குழு)

கோமதி அத்தை (இரவு 7:14): டேய் தம்பி, விண்வெளி நிலையம் 7:12க்கு வரும் என்றாய். நானும் மாமாவும் 7:11க்கே மாடியில் ஏறிவிட்டோம். தண்ணீர் டேங்குக்கு மேலே கொசுதான் சுற்றுகிறது.

சாந்தி அக்கா: எங்கள் கண்ணில் பட்டதே! ஆனால் 7:10க்கே வந்துவிட்டது. துணி எடுக்கப் போன பாப்பாதான் கத்தினாள். கண் சிமிட்டாமல் ஒரே வெளிச்சம். தென்கிழக்கே போகும்போது பாதியில் அணைந்துவிட்டது.

நான்: பூமியின் நிழலுக்குள் போய்விட்டது அக்கா. அத்தை, தப்பு என் மேல்தான். நான் சொன்ன நேரம் இரண்டு வாரத்துக்கு முன் எடுத்த பட்டியல். இன்று காலையில் மறுபடி பார்த்திருக்க வேண்டும்.

முரளி மாமா: அது என்ன டவுன் பஸ்ஸா, நேரம் மாறி வர?

நான்: கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா. 400 கிலோமீட்டர் சொச்சம் உயரத்திலும் துளி காற்று இருக்கிறது. மூச்சு விட ஆகாது. ஆனால் நொடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் பாய்ந்தால் அதுவும் தடுக்கும். மாதம் சுமார் 2 கிலோமீட்டர் கீழே இறக்கிவிடும். அதனால்தான் அவ்வப்போது எஞ்சினைப் போட்டு மேலே தள்ளுகிறார்கள்.

முரளி மாமா: காற்று தடுத்தால் தாமதமாகத்தானே வர வேண்டும்? இது முந்தி வந்திருக்கிறது. எங்கேயோ இடிக்கிறதே.

நான்: அதுதான் வேடிக்கை. பிரேக் பிடித்தால் வேகம் கூடுகிற வண்டி இது. காற்று தடுத்ததும் கொஞ்சம் இறங்குகிறது. காற்று பிடுங்கியதைவிட அதிக வேகம் அந்த இறக்கத்தில் கிடைத்துவிடும். வட்டமும் சின்னதாகிவிடும். ஒரு நாளில் பதினைந்து சுற்றுக்கு மேல் ஓடுகிறது. சுற்றுக்கு அரை நொடி முந்தினாலே இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். பட்டியல் போடுகிறவர்களும் இந்த இறக்கத்தைச் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். இந்த முறை அதைவிடக் கூடுதலாகக் காற்று இழுத்திருக்கலாம். நடுவில் மேலே தள்ளியிருந்தால் பிந்தி வந்திருக்கும்.

முரளி மாமா: சரி, இடிக்கவில்லை.

பெரிய அத்தை: மேலே இருப்பது கீழே இறங்குகிறது என்றாலே எனக்கு அந்த அமெரிக்க விண்வெளி நிலையம், ஸ்கைலாப் ஞாபகம்தான். 1979 ஜூலை. இன்று விழும், நாளை விழும் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. ஆயா எங்களைத் திண்ணையில் படுக்க விடவில்லை, எல்லாரையும் கூடத்துக்குள் அடைத்தாள். அப்பா, முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழியை அடித்துக் குழம்பு வைக்கச் சொன்னார். போகிற உயிர் பசியோடு போக வேண்டாமாம். கடைசியில் அது ஆஸ்திரேலியாவில் போய் விழுந்தது.

கோமதி அத்தை: அக்கா, அது என் கோழி.

நான்: அதுவும் இதே காற்று செய்த வேலைதான் பெரிய அத்தை. 1974 பிப்ரவரிக்குப் பிறகு ஸ்கைலாபில் ஆள் இல்லை. ஷட்டில் என்ற விண்வெளி ஓடம் வந்து மேலே தள்ளிவிடும் என்று நாசா நினைத்திருந்தது. அதற்குள் சூரியன் எதிர்பார்த்ததைவிட உக்கிரமாகிவிட்டது. மேல்காற்று சூடேறினால் பால்போலப் பொங்கி உயரும், தடையும் கூடும். ஜூலை 11 அன்று விழுந்தேவிட்டது. ஷட்டில் முதன்முதலாகப் பறந்ததே 1981இல். துண்டுகள் விழுந்த எஸ்பரன்ஸ் ஊர்க்காரர்கள், குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தார்கள்.

கோமதி அத்தை: என் கோழிக்கு யார் தருவார்?

சாந்தி அக்கா: அது அந்தக் காலம். இப்போதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்தானே?

நான்: அவ்வளவு சுலபமில்லை அக்கா. 2022 பிப்ரவரி 3 அன்று இணையம் தருகிற ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 49ஐ ஏவினார்கள். முதலில் சுமார் 210 கிலோமீட்டரில் விட்டு, அப்புறம் மேலே ஏற்றுவது அப்போது வழக்கம். மறுநாள் சூரியப் புயல். அதற்கு முன் ஏவியபோது இருந்ததைவிடத் தடை 50 சதவீதம் வரை கூடிவிட்டது. காற்றுக்கு விளிம்பு மட்டும் காட்டுகிற மாதிரி, தாளைப்போலத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். ஆனாலும் 38 போய்விட்டது. மாமா, நீங்கள் கொள்ளிடம் பாலத்தில் டிவிஎஸ் 50இல் பிளைவுட் கட்டிக்கொண்டு வந்த கதைதான்.

முரளி மாமா: அதை ஏன் இப்போது இழுக்கிறாய்? குறுக்கே கட்டியிருந்தேன், ஆற்றுக்காற்று வண்டியோடு கைப்பிடிச் சுவரில் சாத்திவிட்டது. அப்புறம் நீளவாக்கில் கட்டி, உருட்டிக்கொண்டே வந்தேன்.

கோமதி அத்தை: வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அன்று சொன்னீர்கள்.

பெரிய அத்தை: அப்படியானால் இன்றைக்கும் எங்கே விழும் என்று சொல்ல முடியாதா?

நான்: தானாக விழுகிறதை எவ்வளவு முன்னால் கேட்கிறோமோ அவ்வளவு தடுமாற்றம். ஒரு மணி நேரம் தப்பினாலே இடம் 28,000 கிலோமீட்டர் தள்ளிப்போகும். எரிபொருள் மிச்சமிருந்தால் நாமே இறக்கிவிடலாம். இஸ்ரோ, பூமியைப் படம் எடுத்த கார்டோசாட்-2 செயற்கைக்கோளை அப்படித்தான் தாழ இறக்கியது. விட்டிருந்தால் விழ 30 ஆண்டு ஆகியிருக்கும். 2024 பிப்ரவரியிலேயே இந்தியப் பெருங்கடலுக்கு மேலே முடிந்துவிட்டது.

சாந்தி அக்கா: பாப்பா மறுபடி எப்போது வரும் என்று கேட்கிறாள்.

நான்: நாளை மறுநாள் இருக்கிறது அக்கா. நேரம் அன்று மாலை பார்த்துச் சொல்கிறேன்.

கோமதி அத்தை: எனக்கு நேரமெல்லாம் வேண்டாம். உன் கண்ணில் பட்டதும் போன் போடு. நான் ஏழு மணிக்கே மாடியில் இருப்பேன்.

முரளி மாமா: கொசுவத்தி என் பொறுப்பு.